மூலேன் ரூழ் போஸ்டர்: படம் அருமை, பிரேம் வேண்டாம்

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு படக்கடையில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லொத்ரெக்கின் இரண்டு போஸ்டர் மறுபதிப்புகள் வாங்கினேன். மூலேன் ரூழ் என்ற பாரிஸ் நடன அரங்குக்காக 1891-இல் அவர் செய்த, ஆட்டக்காரி லா கூலூவின் படம் பிரமாதம். வெள்ளை உள்பாவாடை பறக்க அவள் ஆடுகிறாள். பின்னால் கூட்டம் வெறும் கறுப்பு நிழல். முன்னால் அவளோடு ஆடும் ஒல்லி வாலந்தேன், சாம்பல் நிறத்தில். மலிவு அச்சில் இந்தச் சாம்பல் கறுப்பாகிவிடும், ஆளே தொலைந்துபோவார். இங்கே விரல்கள்கூடத் தெளிவு. கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சின் தட்டையான நிறங்களும் அப்படியே வந்திருக்கின்றன.

இன்னொரு ஆட்டக்காரி ஜேன் அவ்ரிலின் 1893 படம் சுமார்தான். பாவாடையின் ஆரஞ்சு வெளிறிவிட்டது. அந்தப் படத்துக்கு உயிரே அதுதானே! அப்புறம், கடைக்காரர் போட்டுத் தரும் பிரேமின் பின்பலகை கடற்காற்றில் ஊதிவிட்டது. தாளை மட்டும் வாங்கி, வேறு இடத்தில் பிரேம் போடுங்கள்.