கந்தளாயா, வாய்க்காலா, பெரியகுளமா? ஐந்து வயதுப் பிள்ளையோடு தூண்டில் போட எங்கே போகலாம்

திருகோணமலையில் "மீன் பிடிக்கப் போவம்" என்றால் எல்லாருக்கும் கடல்தான் நினைவு வரும். என் மகளும் முதலில் கேட்டது கடற்கரைப் படகுத்துறையைத்தான். கரையை ஒட்டியே ஆழம் தொடங்குவதுதான் எங்கள் துறைமுகத்தின் பெருமை. கப்பலுக்கு அது வசதி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஆபத்து. அதனால் கடலை விட்டுவிட்டு நன்னீர்ப் பக்கம் தேடினோம். ஒரு வருடத்துக்குள் போய்ப் பார்த்தவை நாலு இடம்.

மகாவலி ஆற்றை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற ஆறு அது. கழிமுகத்தை நெருங்க நெருங்கத் தண்ணீர் கலங்கி, அடி தெரியாது. முதலை இருக்கிற ஆறு. பிள்ளையோடு வேண்டாம்.

மிச்சம் மூன்று. பெரிய மீன் வேண்டுமென்றால் கந்தளாய்க் குளம்தான். டவுனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். குளக்கட்டின் மேல் ஏறி நின்றதும் விரிகிற தண்ணீரைப் பார்த்து மகள் "இதுவும் கடலா அப்பா?" என்று கேட்டாள். ஆனால் தூண்டில் போட இறங்கும்போதுதான் சிக்கல். கட்டுப் பக்கம் முழுக்க அலைகரைக் கல். கல்லில் பாசி, கல்லுக்குக் கல் இடைவெளி, அதற்குக் கீழே நேரே ஆழம். ஒரு மணித்தியாலமும் அவளுடைய சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே நின்றேன். அவளுக்கும் எரிச்சல், எனக்கும் கை உளைவு. கச்சான் காற்று எழும்பிவிட்டால் தக்கை அலையில் ஆடுகிறதா, மீன் கொத்துகிறதா என்று பெரியவனுக்கே விளங்காது. பின்னேரத்தில் யானை தண்ணீருக்கு வரும் பக்கம் அது. 1986 ஏப்ரல் 20 அன்று இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை அங்குள்ள பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நீரை விளையாட்டாக எடுக்காத ஊர். பிள்ளைக்குப் பத்து வயதாகி, நீந்தவும் தெரிந்தபிறகு நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான். இப்போது இல்லை.

தம்பலகாமத்து வாய்க்கால் நேர் எதிர். கந்தளாய்த் தண்ணீர்தான் வயலுக்கு வருகிறது, ஆனால் ஒடுங்கி, மருத மர நிழலில், மீன் ஓடுவது கண்ணுக்கே தெரிகிற அளவில். பிள்ளைக்கு அது பெரிய சந்தோசம். குறை என்னவென்றால் எல்லாம் துருசின், அதாவது தண்ணீரைத் திறந்து பூட்டும் மதகின், கையில். திறந்துவிட்ட நாளில் தக்கை பத்து எண்ணுவதற்குள் தூண்டில் கம்பைத் தாண்டிப் போய்விடும். பூட்டிய நாளில் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். கெளுத்தி அடிக்கடி மாட்டும், அதன் பக்கத்து முள் குத்தினால் பிள்ளை இனித் தூண்டிலைத் தொடாது. கழற்றுவது எப்போதும் நானே. வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் அவளை இறங்க விடமாட்டேன்.

எனக்குப் பிடித்தது பெரியகுளம். நிலாவெளிப் பக்கம், வெல்கம் விகாரைக்குக் கிட்ட. குளம் எதுவானாலும் கட்டுப் பக்கம்தான் செங்குத்து, எதிர்ப்பக்கம் மெதுவான சரிவு. ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றும்போது அந்தப் பக்கத்தில் காய்ந்த கெட்டித் தரை வெளியே வரும். கூடவே தட்டளவு வட்டக் குழிகளும் தெரியும். திலாப்பியா ஆண் மீன் முட்டையிடுவதற்காகத் தோண்டிய குழிகள் அவை. மகள் எண்ணத் தொடங்கிப் பதினெட்டோடு விட்டாள். குளத்து முதலை இங்கேயும் வரலாம், அதனால் குளிக்க வருகிறவர்களிடம் முதலில் விசாரிப்பேன். நீரிலிருந்து மூன்று எட்டுத் தள்ளித்தான் அவள் நிற்பாள், கால் நனைப்பது கிடையாது, வெயில் சாயமுன் வீடு. இந்த மூன்றையும் கந்தளாய்க் கல்லில் கடைப்பிடிக்க முடியாது, இங்கே முடிகிறது. என் தேர்வு அதனால்தான்.

தூண்டிலிலும் இதே கதை. டவுனில் ஒரு கடையில் ரீல் வைத்த பைபர் கம்பு வாங்கினேன். முதல் அரை மணித்தியாலம் தங்கூசி என்கிற நைலோன் நூலைச் சிக்கெடுத்தே போனது, மகள் கல் பொறுக்கப் போய்விட்டாள். அடுத்த முறை எட்டடி மெல்லிய மூங்கில், அதே நீளத்துக்குத் தங்கூசி, ஒரு துண்டு ஈயம், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் வெட்டிச் சிவப்புப் பூசிய தக்கை. தூண்டில் முள் சின்னது, அதன் நுனியில் பின்பக்கமாக நிற்கிற கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டேன். மீனில் இருந்தாலும் விரலில் இருந்தாலும் சுகமாகக் கழன்று வரும். கம்பு நீளம் என்பதால் அவள் தள்ளி நின்றாலும் தக்கை தண்ணீருக்குள் போய்ச் சேரும்.

இரைக்கு மண்புழுவா, பாணா? கெளுத்தி, விராலுக்குப் புழுதான். திலாப்பியாவுக்கு உள்பாணைச் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பயறளவு உருட்டினால் போதும். அந்த உருட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்தபிறகு தூண்டில் அவளுடையதாகிவிட்டது. புழுவை நான் கோர்த்த நாள்களில் அவள் பார்வையாளர்தான்.

காலை ஆறரைக்குப் போட்டோம். தக்கை ரெண்டு தரம் நடுங்கியது, பிறகு நின்றது. நான் மூச்சே விடவில்லை. திடீரென்று பக்கவாட்டில் இழுபட்டு உள்ளே போனது.

"அப்பா, தாண்டிட்டுது! தாண்டிட்டுது!"

உள்ளங்கையளவு திலாப்பியா. முதுகு முள் நிமிர்ந்து நின்றது. தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முள்ளை மடக்கிப் பிடித்தேன். அவள் ஒரு விரலால் மட்டும் தொட்டாள்.

"இதுக்கு அம்மா இருக்கா?"

இருக்கு என்றேன். தாய் மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும் என்றேன். வாயைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னாள். பார்த்தோம், வெறும் வாய். 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், கறிக்குக் கொண்டுபோனாலும் குளத்துக்கு நட்டமில்லை. ஆனால் அவள் "விடுங்கோ" என்றாள், விட்டேன்.

ஏழே காலுக்கு அவள் தண்ணீருக்குள் கல் எறியத் தொடங்கினாள். தங்கூசியைக் கம்பில் சுருட்டிக்கொண்டு புறப்பட்டோம்.