‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’: இலவசப் பிரதியா, மீட்டெடுத்த பதிப்பா?

ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய இந்த 1968 ஜாம்பி திகில் படம் இணையத்தில் எங்கே தேடினாலும் இலவசமாகக் கிடைக்கும். அவை திருட்டுப் பிரதிகளும் அல்ல. வெளியீட்டுக்கு முன் விநியோக நிறுவனம் படத்தின் பெயரை மாற்றியது. பழைய டைட்டில் கார்டோடு காப்பிரைட் வரியும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்றானதும், பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து வீடியோ டேப், டேப்பிலிருந்து டிவிடி என்று போயிற்று.

இன்றைக்கு நம் முன்னால் முக்கியமாக இருப்பவை மூன்று: இலவசப் பிரதி, வண்ணம் ஏற்றியது, 2016-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல கேமரா நெகட்டிவிலிருந்து (கேமராவில் ஓடிய அசல் ஃபிலிமிலிருந்து) 4கே-யில் மீட்டெடுத்தது. கடைசியாகச் சொன்னதை கிரைட்டீரியன் என்ற டிஸ்க் வெளியீட்டு நிறுவனம் 2018-இல் டிஸ்க்காக வெளியிட்டது. காசு கொடுத்தாவது இதைத்தான் பாருங்கள்.

வண்ணப் பதிப்பைச் சீக்கிரமே தள்ளிவிடலாம். படத்தில் வழியும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது கச்சிதமாக ரத்தமாகிவிடும் என்று நம்பி எடுத்த படம். சிவப்பைப் பூசினால் அந்தக் கணக்கே கெடுகிறது. 1999-இல் புதுக் காட்சிகளையும் புது இசையையும் சேர்த்து வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பையும் தவிர்த்துவிடுங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது சாம்பல் நிறத்தின் படிநிலைதான். ஒவ்வொரு நகலெடுப்பிலும் கான்ட்ராஸ்ட் ஏறும். வெளிச்சம் வெள்ளையாக வெளிறும், நிழல் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். ‘சொரசொரப்பான செய்திப்பட பாணி’ என்று இந்தப் படத்தைப் புகழ்வார்கள். அதில் பாதி, கெட்டுப்போன நகல்களின் வேலை. 35 மி.மீ. நெகட்டிவ் நல்ல கூர்மையானது. நிலவறையில் சிறுமி கொத்துக்கரண்டியைத் தூக்கும் காட்சியை மீட்டெடுத்த பதிப்பு, இலவசப் பிரதி இரண்டிலும் போட்டுப் பாருங்கள். மீட்டெடுத்ததில் சுவரில் விழும் நிழலும், அதில் தெறிக்கும் ரத்தமும் தனித்தனியாகத் தெரியும். இலவசப் பிரதியில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு.

இறுதிக் காட்சிக்கு இழப்பு இன்னும் அதிகம். அங்கே படம் நின்றுபோய், செய்தித்தாள் புகைப்படம் போல் புள்ளி புள்ளியான அசையாப் படங்களாக மாறுகிறது. முன்னால் ஓடியதெல்லாம் தெளிவாக இருந்தால்தான் இந்த மாற்றம் நெஞ்சில் குத்தும். முதல் நிமிடத்திலிருந்தே புள்ளியாக ஓடிய பிரதியில், ரொமேரோ வேண்டுமென்றே செய்ததும் நகலின் கோளாறும் கலந்துவிடுகின்றன.

ஒலி விஷயத்தில் அவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். மூலமே மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஹெட்போனில் வித்தியாசம் கேட்கிறது. டிவி ஸ்பீக்கரில் எல்லோருக்கும் பிடிபடுமா என்பது சந்தேகம்.

இலவசப் பிரதிதான் கைக்கு எட்டும் என்றால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். நீளம் ஏறத்தாழ 96 நிமிடம் வேண்டும். எதுவும் வெட்டாமலே 92 என்று காட்டினால், நொடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக வேகம் கூட்டியிருக்கிறார்கள். குரல்களும் சற்றே கீச்சென்றிருக்கும். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் 1.37:1, அதாவது சதுரத்துக்குக் கொஞ்சம்தான் அகலம். அகலத்திரை முழுக்க நிரம்பினால், ஒன்று மேலும் கீழுமாக உயரத்தில் 23 சதவீதம் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். மூன்றாவது, கல்லறைக் காட்சியில் பார்பரா போட்டிருக்கும் வெளிர் கோட். அதில் மடிப்புகள் தெரிந்தால் பிரதி தேறும். வெள்ளைத் தாள் போலிருந்தால் வேறு தேடுங்கள்.

எந்தப் பதிப்பானாலும் டிவியில் அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைத்துவிடுங்கள். ‘நாய்ஸ் ரிடக்‌ஷ’னையும் அணையுங்கள், இருந்தால் ஃபிலிமின் இயல்பான நுண்புள்ளிகளை (கிரெய்ன்) துடைத்து முகங்களை மெழுகாக்கிவிடும்.