எச்சரிக்கை: முள் எடுக்க 84,000 ரூபாய், கட்டை மட்டும் அப்படியே மண்ணுக்குள்

ஏற்காடு அடிவாரத்தில், குறிப்பாகக் குப்பனூர் பக்கம் காடு, அதாவது விவசாய நிலம், கிடக்கிறவர்கள், சீமைக்கருவேல முள்மரம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். மூன்று ஏக்கருக்கு 84,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்தே வாரம்தான் ஆகிறது, சீமைக்கருவேலம் முழங்கால் உயரத்துக்குத் திரும்ப நிற்கிறது.

ஜேசிபி, டிராக்டர் எல்லாம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஒரு போன் ஆப் வழியாகத்தான் ஆள் வந்தது. ஏக்கருக்கு 28,000. வேரோடு பிடுங்கி, குவித்து, சமப்படுத்திக் கொடுப்பதாகப் பேச்சு.

நம்ப வைத்தது அந்த சூப்பர்வைசர்தான். வந்தவர் விலை பேசவே இல்லை. கடப்பாரையும் மம்முட்டியும் கேட்டு வாங்கி, ஒரு கட்டையைச் சுற்றி ஒன்றரை அடி தோண்டினார். தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் காட்டினார். "மொட்டு எல்லாம் இந்தக் கழுத்துலதாங்க இருக்கு. தரையோட வெட்டினா பத்துக் கிளையா வரும். கழுத்தையும் அதுக்குக் கீழ ஒரு அடி வேரையும் சேத்து எடுத்தாத்தாங்க சாகும்" என்றார். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தொழில் தெரிந்த ஆள் என்று அங்கேயே 40,000 அட்வான்ஸ் போட்டாயிற்று.

தெரிந்தே செய்ததுதான் ஆத்திரம்.

வேலை அன்று அவர் வரவில்லை, டிரைவர் மட்டும் வந்தார். ஜேசிபியின் பின்பக்கக் கையை மடக்கி வைத்துவிட்டு, முன் பக்கெட்டாலேயே தள்ளினார். முன் பக்கெட்டுக்கு மரம் முறியும், வேர் வராது. வேரை எடுக்கப் பல் வைத்த பின் பக்கெட்டைத்தான் கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்ப வேண்டும், ஒரு கட்டைக்கு ஐந்து நிமிஷமாவது ஆகும். இங்கே இருந்த முந்நூறு கட்டைக்குக் கணக்குப் போட்டால் 25 மணி நேரம். இவர்கள் மூன்று ஏக்கரையும் 9 மணி நேரத்தில் முடித்தார்கள். ஏக்கர் கணக்கில் கூலி பேசினால் சீக்கிரம் முடிக்க முடிக்க டீசல் அவர்களுக்கு மிச்சம். முறிந்த கட்டை மேல் நாலு விரல் மண்ணைத் தள்ளி இழுத்துவிட்டதும் காடு நெல் நாற்றங்கால் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

சரிவில் இருந்த உண்ணிச்செடியை (லாண்டனா) இன்னும் மோசமாகக் கெடுத்தார்கள். அதை மிஷின் ஏற்றி நசுக்கவே கூடாது. ஈரம் இருக்கும்போது, பழம் விடுவதற்கு முன்னால், அடித்தூரை மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் வெட்டி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். மிஷின் ஏறினால் தூர் பிளந்து துளிர்க்கும். கிளறின மண்ணில் மைனாவும் கொண்டைக்குருவியும் போட்ட விதை வேறு முளைக்கும். மேல்மண் மொத்தமும் ஓடைப் பக்கம் போய்விட்டது. விடச் சொல்லிச் சிவப்புத் துணி கட்டியிருந்த வேப்பங்கன்று இரண்டும் போயின. ஓடையோரச் சந்தனம் ஒன்று தப்பியது நல்ல காலம். பட்டா நிலமானாலும் சந்தனத்தை வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, அது சாய்ந்திருந்தால் டிரைவரையா கேட்பார்கள்?

சாயங்காலம் டிரைவர், "ஓடிபி சொல்லுங்கண்ணா, அத போட்டாத்தான் டீசல் காசு எறங்கும்" என்றார். சொன்னதும் மீதி 44,000 கழிந்துவிட்டது. அது டீசலுக்கான ஓடிபி இல்லை, வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஓடிபி. விறகும் இரண்டு டிராக்டர் லோடு ஏறிப் போனது. கரி மூட்டம் போடுகிறவர்கள் காசு கொடுத்து எடுக்கிற விறகு அது.

கோடை மழை இரண்டு பெய்ததும் துளிர் வந்துவிட்டது. போன் போட்டால் சூப்பர்வைசர், "மழை பேஞ்சா முளைக்கத்தாங்க செய்யும், அது விதைச் செடி" என்கிறார். விதைச் செடி ஒற்றைத் தண்டாக வரும், ஈரத்தில் இரண்டு விரலால் இழுத்தால் கையோடு வரும். இது கொத்தாக எட்டுப் பத்துக் கிளை, இழுத்தால் கைதான் கிழியும். தோண்டின நாலு இடத்திலும் முன்கைப் பருமனுக்கு நார் நாராகக் கிழிந்த கட்டை. படம் அனுப்பினால் "ஆத்தூர் சைட்ல இருக்கேன், திங்கக்கிழமை வரேன்". மூன்று திங்கள் போயிற்று. இப்போது போனை எடுப்பதே இல்லை. ஆப்பில் புகார் போட்டால் 48 மணி நேரம் என்றார்கள், மூன்றாம் நாள் "ஓடிபி பெறப்பட்டது, வேலை முடிந்த படம் உள்ளது" என்று மூடிவிட்டார்கள். அந்தப் படம் மண் மூடின அன்று எடுத்தது. 84,000 ரூபாய்க்கு அந்தப் படம்தான் மிச்சம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்திருக்கிறது, பார்க்கலாம்.

ஆள் எப்படித் தேடுவது, ரேட் எப்படிப் பேசுவது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. பிடுங்கின கட்டையை எல்லாம் வேரோடு ஒரு ஓரமாக அடுக்கச் சொல்லுங்கள், எண்ணிப் பார்த்துக் காசு கொடுங்கள். மண் மூடுவதற்கு முன்னால் நடந்து பாருங்கள். பாதிப் பணத்தையாவது ஒரு நல்ல மழை தாண்டுகிற வரைக்கும் நிறுத்தி வையுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் வேண்டாம். விறகு யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். சீமைக்கருவேலங்காய் பழுக்கிற சமயம் ஆட்டை உள்ளே விடாதீர்கள், புழுக்கையில்தான் விதை பரவுகிறது. ஓடிபியைக் காட்டைச் சுற்றி வந்த பிறகு சொல்லுங்கள்.

இங்கே துளிர் முற்றுவதற்குள் எடுத்தாக வேண்டும். இரண்டு ஆள் கடப்பாரையோடு இறங்கியிருக்கிறார்கள், நேற்று பொழுது சாய்வதற்குள் கிழக்கு மூலையில் மட்டும் 23 கட்டை வந்தது.