பெரியப்பாவோட வெள்ளி ரூபாய்: ஜவேரி பஜாரா, காயின் டீலரா?

மும்பை மாட்டுங்கால இருந்த பெரியப்பா சேத்து வச்ச டப்பா இப்ப எங்க கைல, முழுக்க பிரிட்டிஷ் காலத்து ரூபாய், எடைக்குப் போடலாமா டீலர்கிட்ட காட்டலாமான்னு வீட்ல ஒரே பேச்சு.

ஜவேரி பஜார்ல, அதான் மும்பையோட நகைக்கடைத் தெருவுல, எடைக்குப் போட்டா சீக்கிரம் முடியும், அன்னைக்கே காசு. பழைய ரூபாய் 11.66 கிராம், அதுல 91.7% வெள்ளி, ஆனா 1940லேர்ந்து 45 வரைக்கும் வந்ததுல பாதிதான் வெள்ளி, 1947 புலி ரூபாய் சுத்தமா நிக்கல், அதனால எல்லாத்தையும் ஒண்ணா தராசுல கொட்டிடாதீங்க.

டீலர்னா பொறுமை வேணும். வருஷம், மிண்ட் குறி (எந்த நாணயச்சாலைல அடிச்சதுன்னு காட்டற குறி), தேய்மானம் எல்லாம் லென்ஸ் வச்சுப் பாப்பார். தேய்ஞ்ச விக்டோரியாவுக்கு வெள்ளி விலைக்கு மேல பெருசா எதிர்பாக்க வேணாம். 1911 ஐந்தாம் ஜார்ஜ் கதை வேற: ராஜா அங்கில இருக்கற யானை பன்னி மாதிரி இருக்குன்னு ரகளையாகி டிசைனையே மாத்திட்டாங்க, இன்னைக்கும் அதுக்கு "பன்னி ரூபாய்"னுதான் பேரு. 1939 கிடைச்சா ஜாக்பாட், ஆனா அதுல போலியும் ஜாஸ்தி. புளி போட்டுத் தேய்க்க உக்காந்த பெரியம்மாவைத் தடுத்துட்டேன், பளபளன்னு தேச்சா சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பு விழுந்துடும்.

என் ஓட்டு டீலருக்குத்தான், அதுவும் ரெண்டு பேர்கிட்ட விலை கேட்டுட்டு. அவங்க வேணாம்னு ஒதுக்கினது மட்டும் பஜாருக்குப் போகட்டும்.