ஓவரியை விட்டுவைப்பதா, சேர்த்து எடுப்பதா?

"கர்ப்பப்பையை எடுத்துட்டா பெண்மையே போயிடும்" என்று பயப்படுகிறவர்கள் தப்பான உறுப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கர்ப்பப்பை சுரப்பதில்லை, சுரப்பது ஓவரி, அதாவது சினைப்பை. ஆகவே ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: ஓவரியை விட்டுவைக்கிறீர்களா, அதையும் எடுக்கிறீர்களா?

ஓவரியை விட்டுவைத்தாலும், கர்ப்பப்பை இல்லாததால் மாதவிடாய் நிற்கும், கருத்தரிக்க முடியாது. ஆனால் ஹார்மோன் சுழற்சி அது பாட்டுக்கு நடக்கும். மாதாமாதம் முட்டை வெளிவந்து வயிற்றுக்குள்ளேயே கரைந்துவிடும். சிலருக்கு மார்பு கனத்து வலிக்கும், எரிச்சல் வரும், ரத்தம் மட்டும் வராது. 'எல்லாம் எடுத்த பிறகும் இதென்ன' என்று குழம்ப வேண்டியதில்லை, ஓவரி வேலை செய்கிறது. ஒரு குறை உண்டு. ஓவரிக்கான ரத்தத்தில் ஒரு பங்கு கர்ப்பப்பைத் தமனி வழியாகப் போவதால், மெனோபாஸ் (ஓவரி தன் வேலையை நிறுத்தும் கட்டம்) சிலருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வரலாம்.

இரண்டு ஓவரியையும் எடுத்தால் கதையே வேறு. பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள் மெல்ல மெல்ல வரவேண்டிய மெனோபாஸ், 40 வயதில் இருப்பவருக்குச் சில நாட்களிலேயே வந்து இறங்கும். நடுராத்திரியில் குப்பென்று வேர்த்து, தலையணை உறை நனைந்து எழுந்து உட்காருவார். பிறப்புறுப்பு வறண்டு உடலுறவு வலிக்கும். ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோனும் (ஆமாம், பெண்களுக்கும் உண்டு) ஏறக்குறைய பாதியாகும்; ஆசை குறைவதில் அதற்கும் பங்கிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் எலும்பு தேயும், இதயநோய் அபாயம் கூடும். அமெரிக்கச் செவிலியர்கள் 29,380 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓவரியையும் எடுத்தவர்களுக்கு ஓவரிப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் விட்டுவைத்தவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

'எதற்கும் இருக்கட்டும், சேர்த்தே எடுத்துடலாம்' என்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். மார்பக, ஓவரிப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு எடுப்பதே நல்லது, அதில் இரண்டாவது பேச்சில்லை. மற்றவர்கள், மெனோபாஸ் ஆகாதவர்களாக இருந்தால், கருக்குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு ஓவரியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். ஓவரிப் புற்றுநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது.

எடுத்தே ஆகவேண்டிய இளம்வயதினருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ உண்டு. கர்ப்பப்பை இல்லாததால், அதன் உள்படலத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் பெரும்பாலும் கூடவே தேவைப்படாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது.

மீசை முளைக்கும், குரல் கட்டையாகும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) வலியும் பெரும்போக்கும் தீர்ந்தபின் தாம்பத்தியம் முன்பைவிட நன்றாக இருப்பதாகச் சொல்பவர்களே அதிகம்.

கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் தாம்பத்திய சுகம் கூடுமா? 2002-ல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. விட்டுவைத்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தொடர வேண்டும், அவ்வளவுதான்.