கிண்ணியாவில ஒரு வயரிங் நானா: பழைய எம்.ஜி.பி. காரின்ர பெற்றோல் மீற்றர் பாத்த இடம்

பழைய இங்கிலிஷ் கார் வச்சுக்கொண்டு சின்ன வேலைக்கெல்லாம் கொழும்புக்கு ஓடித் திரியிற ஆக்கள் திருகோணமலைப் பக்கம் கொஞ்சப் பேர் இருக்கிறியள், உங்களுக்குத்தான் இது. கிண்ணியாவில ஒரு நானா இருக்கிறார், வயரிங் வேலை மட்டும்தான், கடைக்கு போர்ட் கூட இல்ல, தகரக் கூரையும் ஒரு வேப்பமரமும்தான் அடையாளம். பாலம் இறங்கிப் போய் பழைய கார் வயரிங் பாக்கிற நானா எங்க எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். வேலைக்கு அஞ்சில நாலரை குடுப்பன், நேரத்துக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனம் வரேல்ல. ஏனெண்டு சொல்றன்.

கார் மாமாவின்ர, 1970 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், குரோம் பம்பர். இந்த மொடலை இங்கிலாந்தில அபிங்டன் ஃபக்டரியில 1962ல தொடங்கி 1980 மட்டும் செய்தவை, 1798 சிசி எஞ்சின், இப்பவும் குடுத்து வச்ச மாதிரி ஓடும். பிரச்சினை பெற்றோல் மீற்றர். ஆளுக்கு எப்பவும் தாராள மனசு, அரை டாங்க் இருந்தா ஃபுல் எண்டு காட்டும், கால் இருந்தா அரை எண்டு காட்டும். அதோட இன்னொரு விசித்திரம், எஞ்சின் ரேஸ் பண்ணினா முள்ளு கொஞ்சம் ஏறும், இரவில ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சும்மா நிண்டா இறங்கும். அரை இருக்கெண்டு நம்பி நிலாவெளியால திரும்பி வரேக்க சாம்பல்தீவுப் பக்கம் கார் இருமி இருமி நிண்டுது, பெற்றோல் பம்பு டிக்டிக் டிக்டிக்கெண்டு வெறுங்காத்தை அடிச்சுக்கொண்டே இருக்கு. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூ ஆர் கோட்டுக்கு லீற்றர் கணக்கில வாங்கின காலத்தில எண்டா இந்த மீற்றரோட நான் சன்னியாசம் போயிருப்பன்.

டவுனில ஒரு கராஜில முதல் காட்டினனான், பேர் வேண்டாம். பொனற்றையும் திறக்கேல்ல, டேஷ்போர்டுக்குக் கீழ குனியவும் இல்ல, டாங்குக்குள்ள பெற்றோல் மட்டம் அளக்கிற டாங்க் யூனிட் பழுதாப் போச்சுது, வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கோணும், மீற்றரும் சேர்த்து மாத்தினா நல்லம் எண்டு ஒரு பெரிய தொகையச் சொல்லிச்சினம். இதில எனக்குக் கோபம் தொகையில இல்ல. அளந்து பாக்காமல் சாமான் மாத்தச் சொல்றதிலதான்.

பிறகு ஒரு கூட்டாளி சொல்லித்தான் கிண்ணியாவுக்குப் போனது. சீனன்குடாவால போகோணும், பிரிட்டிஷ்காரன் கட்டி இப்பவும் நிக்கிற 99 எண்ணெய்த் தாங்கியளத் தாண்டிப் போறம், எதுக்கு, பிரிட்டிஷ்காரன்ர காரில எவ்வளவு எண்ணெய் கிடக்கெண்டு அறிய. பாலம் ஏறி இறங்கினா கிண்ணியா. 2009ல அந்தப் பாலம் திறக்க முந்தி படகுப்பாதையில காரை ஏத்தித்தான் போகோணும், அந்தக் காலமெண்டா நான் இந்தக் கதையையே எழுதியிருக்க மாட்டன்.

நானா அறுபது தாண்டின மனுசன். ஒஸ்ரின், மொரிஸ் மைனர் எண்டு ஹயர் ஓடின காலத்தில வேலை பழகினவர். காரைச் சுத்தி ஒருக்கா நடந்து பாத்திட்டு கேட்ட முதல் கேள்வியே என்னை நிமிர வச்சது. "தம்பி, சாவி போட்ட உடன முள்ளு துள்ளி ஏறுதா, இல்லாட்டி மெல்ல மெல்ல ஏறுதா?" மெல்லத்தான் ஏறும் எண்டன். "அப்ப இது சூட்டு மீற்றர், சுகம்" எண்டார்.

அது என்னெண்டா, எம்.ஜி.பி.யில முதல் வந்த கார்களுக்கு, 1964 மட்டும், ஸ்மித்ஸ் கம்பனியின்ர காந்தச் சுருள் மீற்றர், சாவி போட்ட உடன முள்ளு பாயும், வளைவில பெற்றோல் அலைஞ்சா முள்ளும் சேர்ந்து அலையும். அதுக்குப் பிறகு வந்தது உள்ளுக்க ரெண்டு உலோகத்தை ஒட்டின தகடும் அதைச் சுத்தி ஒரு சூட்டுக் கம்பியும், கரண்ட் போகப் போக தகடு சூடாகி வளையும், வளைய முள்ளு நகரும், தோசைக்கல்லு காயிற மாதிரி ஆறுதலாத்தான். இந்த வகைக்கு வோல்ட் ஒரே அளவா வேணும், பெற்றறி வோல்ட் ஏறி இறங்கினா சூடும் ஏறி இறங்கும். அதுக்காக டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு குட்டித் தகரப் பெட்டி வச்சிருக்கிறான், ஸ்டெபிலைசர் எண்டு சொல்றது. அது 12 வோல்டை விட்டு விட்டுக் குடுத்து சராசரியா 10 வோல்ட் ஆக்கும்.

ரெண்டு வகைக்கும் டெஸ்ட் தலைகீழ், இது தெரியாமல் கை வைக்கிற ஆக்கள்தான் நல்ல சாமானைக் கழட்டி எறியிறது. எங்கட வகையில டாங்கில இருந்து வாற வயரைக் கழட்டினா முள்ளு எம்ப்டியில கிடக்கோணும், அதே வயரை எர்த்தில, எண்டா காரின்ர இரும்புப் பொடியில, தொட்டா ஃபுல்லுக்குப் போகோணும். முதல் வந்த வகையில கழட்டினா ஃபுல், எர்த் பண்ணினா எம்ப்டி.

நானா செய்த ஒழுங்கு எனக்கு நல்லாப் பிடிச்சது. சிக்னல் லைட்டும் பிரேக் லைட்டும் எரியுதா எண்டு முதல் பாத்தார், மீற்றருக்குப் போற பச்சை வயரும் அந்த ஃபியூஸிலதான் இருக்கு, அது சரியெண்டா ஃபியூஸைப் பற்றிக் கதைக்கத் தேவையில்ல. பிறகு டாங்கடியில பச்சையும் கறுப்புக் கோடும் உள்ள வயரைக் கழட்டினார், முள்ளு எம்ப்டிக்கு விழுந்தது. எர்த்தில தொட்டார். முள்ளு மெல்ல எழும்பி ஃபுல் கோட்டையும் தாண்டிப் போகுது! உடன வயரை எடுத்திட்டார், கனநேரம் வச்சா உள்ளுக்க சுருள் எரிஞ்சுபோம் எண்டு. "மீற்றரும் உசிரோட, வயரும் உசிரோட, கரண்ட்தான் கூட" எண்டு சொல்லிக்கொண்டே டேஷ்போர்டுக்குக் கீழ போயிட்டார்.

அங்க ஸ்டெபிலைசரில இருந்து வாற இளம்பச்சை வயரில அவற்ற பழைய முள்ளு வோல்ட் மீற்றரைப் பிடிச்சார். ஸ்டெபிலைசர் வேலை செய்தா அந்த முள்ளு துடிக்கோணும், விட்டு விட்டு. துடிப்பே இல்ல, பெற்றறி வோல்ட் அப்பிடியே நேரா நிக்குது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண 14க்குப் போச்சு. பத்து வோல்ட் வேண்டிய இடத்தில 14 வந்தா சூடு வோல்டின்ர வர்க்கத்தில ஏறும், 100க்குப் பதிலா 196, எண்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அரை டாங்க் ஃபுல்லாத் தெரிஞ்சதுக்குக் காரணம் அதுதான், ரேஸ் பண்ண முள்ளு ஏறினதுக்கும் அதுதான்.

ஸ்டெபிலைசர் ஏன் வேலை செய்யேல்ல? எர்த் இல்ல. அந்தப் பெட்டியைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவாலதான் அதுக்கு எர்த் போகுது, எங்கட கடல்காத்துக்கு அந்த இடம் முழுக்கக் கறள். எர்த் இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற தகடு சூடாகாது, சூடாகாட்டி கொன்டக்ட் திறக்காது, திறக்காட்டி முழு வோல்ட்டும் நேர போகும். டவுனில சொன்ன அந்தப் பெரிய தொகைக்கும் கறள் பிடிச்ச ஒரு ஸ்க்ரூவுக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்து கொள்ளுங்கோ.

சுரண்டித் துடைச்சுப் பூட்ட துடிப்பு வந்திட்டுது, ஆனா கொன்டக்ட் எரிஞ்சு கறுத்துப் போய்க் கிடக்கு, கனகாலம் தாங்காது எண்டார். இதில எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம், மாமா ஒறிஜினல் பைத்தியம், புதுச் சாமான் ஒண்டும் வெளியில தெரியக்கூடாது. நானா அந்தத் தகரப் பெட்டியத் திறந்து உள்ளுக்க இருந்ததை எடுத்திட்டு ஒரு 7810 ஐசியை, எப்பவும் 10 வோல்ட் மட்டும் விடுற குட்டிச் சாமான், ஒட்டி மூடித் தந்தார், ரேடியோ சாமான் கடையில சில்லறைக் காசுக்கு வாங்கிற சாமான், வெளியால பாத்தா அதே 1970 பெட்டி. ஒண்டு கவனம், இது நெகட்டிவ் எர்த், எண்டா பெற்றறியின்ர நெகட்டிவ் முனை பொடியில பூட்டின காருக்குத்தான் சரி, 1967க்கு முந்தின எம்.ஜி.பி. பொசிட்டிவ் எர்த், அதுக்கு இந்த ஐசியை இப்பிடிப் போட ஏலாது.

அதோட விடாமல் டாங்க் யூனிட்டையும் கழட்டிப் பாத்தார். எம்.ஜி.பி.யில அது டாங்கின்ர பக்கவாட்டில இருக்கு, பெற்றோல் மட்டத்துக்குக் கீழ, அதால முதல் பெற்றோலை இறக்கோணும். இந்த இடத்தில மனுசன் நல்ல ஒழுக்கம், சீற்றுக்குப் பின்னால இருக்கிற பெற்றறியக் கழட்டினார், பக்கத்தில பீடி பத்தினவரை ரோட்டுக்கே கலைச்சுப்போட்டார். பெற்றோலில மிதக்கிற ஃப்ளோட் கையை மெல்ல ஆட்ட ஓம்ஸ், எண்டா கரண்டுக்கு இருக்கிற தடை, ஒழுங்கா இறங்கி வருது, ஒரு இடத்தில மட்டும் அறுந்து அறுந்து வருது, கம்பிச் சுருள் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கட்டோ எண்டு கேட்டன். இப்ப வாற புதுசு பழசளவுக்குச் சரியாக் காட்டாது எண்டு சொல்லி, தொடுற நாக்கைக் கொஞ்சம் வளைச்சு தேயாத பக்கத்தில ஓட விட்டார். நானும் அவற்ற கட்சிதான், பழசு உசிரோட இருந்தா மாத்தாதேங்கோ.

பிறகு பத்துப் பத்து லீற்றரா பெற்றோல் ஷெட்டில அடிச்சு ஒவ்வொருக்காலும் முள்ளைப் போனில படம் எடுத்துக் கொண்டுவா எண்டார். டாங்க் 12 கலன், எங்கட கணக்கில 54 லீற்றர் சொச்சம். படங்களைப் பாத்து மீற்றருக்குப் பின்னால தக்கை அடைச்ச ரெண்டு குட்டி ஓட்டையால திருகிச் சரிப்படுத்தினார். இப்ப அரை எண்டா அரைதான், கீழ்க் கோட்டில தொட்டா உண்மையாவே ஷெட் தேடோணும்.

இனிக் குறை. டாங்க் யூனிட்டைத் திரும்பப் பூட்டேக்க பழைய ரப்பர் வளையத்தையே போட்டிட்டார், நான் கேட்டும் "அது நல்லா இருக்கு தம்பி" எண்டார். ஃபுல் அடிச்ச உடன டிக்கியடியெல்லாம் பெற்றோல் மணம், கீழ ஈரம். இது சின்ன விசயமில்ல, பத்தியிருந்தா காரும் இல்ல நானும் இல்ல. கொண்டுபோய்க் காட்ட முகம் சுருங்கிப்போச்சு, புது வளையம் போட்டுத் தந்தார், காசு வாங்கேல்ல. ஆனா முதலே போட்டிருக்கோணும், அரைப் புள்ளி வெட்டினது அதுக்குத்தான். போறவை புது வளையத்தை நீங்களே கொண்டு போங்கோ.

மற்றது நேரம். நாளைக்கு எண்டா அடுத்த கிழமை. போன் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினா அண்டைக்குப் பின்னேரம் திறக்கிறது அவற்ற மனசைப் பொறுத்தது. பில் இல்ல, கார்ட் இல்ல, கைக்காசுதான், ஆனா கூலி ஒரு ஃபுல் டாங்க் அடிக்கிற காசில பாதியும் வரேல்ல. இருக்க ஒரு வாங்கு, அதிலயும் பாதி பெற்றறி அடுக்கியிருக்கு, பக்கத்துக் கடைப் பிளேன்டீ பரவாயில்ல.

போறதெண்டா காலமை வெள்ளன போங்கோ, டாங்கைக் கால்வாசிக்குக் கீழ வச்சுக்கொண்டு போனா இறக்கிற வேலை மிச்சம், வயரிங் படம் இருந்தா பெருசாப் பிரின்ட் எடுத்துக் கொண்டு போங்கோ, கண்ணாடி போட்டும் போன் ஸ்கிரீனில அவருக்குத் தெரியாது. அக்வா, ப்ரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் எல்லாம் கொண்டுபோய் நிப்பாட்டினா எடுக்க மாட்டார், டவுனுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவார்.