நரகத்தின் தொண்டையில் ஒரு காலை: ஹெர்தே பள்ளத்தாக்கின் நடைவழிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஐம்பத்தொன்பது வயது, இடது முழங்காலில் தேய்மானம். முழங்கால் பட்டையும் கைத்தடியும் இல்லாமல் மாடிப்படி ஏறுவதில்லை. நான் சொல்லும் நேரக் கணக்கையெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இளைஞர்கள் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

மகன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமாதுரா மாநிலத்து வடக்கு மூலையில் ஹெர்தே ஆற்றுப் பள்ளத்தாக்கு. அவனோடு இரண்டு முறை போனேன். ஏப்ரல் முதல் வாரம் பூப் பார்க்க, ஜூன் மூன்றாம் வாரம் நடக்க. இரண்டாவது பயணம்தான் உருப்படியானது.

விளம்பரங்களில் எல்லாம் செர்ரிப் பூதான். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய கல்வரப்புகள், அவற்றின் மேல் இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்த மரங்கள். அழகு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூ இருப்பது இரண்டு வாரம். அதுவும் ஒரே சமயத்தில் பூக்காது. கீழே ஆற்றோரத்தில் முதலில் பூத்து, அப்படியே மேலே ஏறும். நாங்கள் போனபோது கீழே உதிர்ந்து முடிந்திருந்தது, தோர்னாவாக்காஸ் ஊருக்கு மேலே அப்போதுதான் மொட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. நடுவில் பூத்திருந்த இடத்திலோ சாலை முழுக்கக் கார்கள். தோப்புகளுக்கு நடுவே இருக்கும் பாதைகள் பெரும்பாலும் விவசாயிகள் வண்டி ஓட்டுவதற்காக சிமென்ட் போட்டவை. காலுக்கு இதமே இல்லை. வழிக்குறிகளும் அங்கேதான் குழப்புகின்றன. ஒரு குறியைப் பார்த்து நடந்து, யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நின்றோம். நாய் மட்டும் வரவேற்றது. பூப் பார்க்க வேண்டுமானால் காரிலிருந்தே பாருங்கள். நடக்க வேண்டுமானால் ஜூனில் வாருங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கை வரைபடத்தில் பார்த்தால் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நேராகப் போகும். அலென்தேஷு–பிளாசென்சியா பிளவு என்று போர்ச்சுகலிலிருந்து வரும் நிலப்பிளவு ஒன்று இருக்கிறது. அது 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பாறை உடைந்து பலவீனமான அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு இறங்கிவிட்டது. நடப்பவருக்கு இதனால் ஒரு லாபம் உண்டு. ஆற்றுக்குத் தென்கிழக்கே இருக்கும் சரிவு வடமேற்கைப் பார்த்து நிற்பதால் அதற்கு வெயில் தாமதமாகத்தான் வரும். ஜூனில் எட்டு மணிக்குக் கிளம்பினாலும் நல்ல நிழலில் ஏறலாம்.

அந்தச் சரிவில்தான் நான் முழு மதிப்பெண் கொடுக்கும் வழி இருக்கிறது: கர்கந்தா தெ லோஸ் இன்ஃபியெர்னோஸ். 'கர்கந்தா' என்றால் தொண்டை. மலை ஓடை இறங்கும் குறுகிய பிளவுக்கும் அந்த ஊரில் அதே சொல்தான். பெயரை அப்படியே சொன்னால் 'நரகங்களின் தொண்டை'. 1994 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. ஹெர்தே ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தகவல் மையத்திலிருந்து லோஸ் பிலோனெஸ் என்ற பாறைத் தொட்டிகள் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. முதல் பாதி ஓக் காட்டுக்குள் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் கைப்பிடி தேடும் அளவுக்குச் செங்குத்து இல்லை. பாதி வழியில் சொர்ரேரோ தெ லா விர்ஹென் என்ற அருவியை எதிர்ப்புறத்திலிருந்து பார்க்க ஓர் இடம் உண்டு. உட்கார நல்ல சாக்கு.

வழி தவற வாய்ப்பே இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு பட்டைகள் இருந்தால் சரியான வழி. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி. தோப்புப் பக்கம் குழப்பிய அதே வண்ணங்கள் காட்டுக்குள் ஒழுங்காக இருந்தன.

பிலோனெஸ் என்பவை கருங்கல் பாறையில் ஆறு குடைந்த தொட்டிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழிந்து இறங்குகிறது. எப்படிக் குடைந்தது என்று பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. ஓரத்தில், தண்ணீர் இறங்கிப்போன ஒரு பாறையில், அகலத்தில் இரண்டு கை சேர்த்தால் மூடிவிடும் அளவுக்கு ஒரு குழி. உள்ளே எலுமிச்சம்பழம் அளவில் ஓர் உருண்டைக் கல், அதற்குக் கீழே கொஞ்சம் மணல். ஆட்டுக்கல்லும் குழவியும்! வெள்ளம் வரும்போது நீர் சுழல்கிறது, கல்லும் மணலும் சுழல்கின்றன, குழி ஆழமாகிறது. குழவியும் தேய்கிறது, தேய்ந்தால் மேலிருந்து வேறு கல் வந்து விழும். விரலால் அந்தக் கல்லைச் சுற்றிப் பார்த்தேன். கரகரவென்று நன்றாகவே அரைத்தது. "அம்மா, ஆற்றின் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்" என்றான் மகன். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் எழுந்தேன்.

தண்ணீரில் கால் வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். ஜூனிலும் அப்படி ஒரு குளிர். ஈரமான கருங்கல் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். என் கண் முன்னால் ஒரு பையன் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். செருப்புப் போட்டுக்கொண்டு வராதீர்கள். பதினொரு மணிக்கு மேல் தொட்டிகளின் பக்கம் நிழலே கிடையாது, கூட்டமும் சேர்ந்துவிடும். வழியில் கடை எதுவும் இல்லை. தண்ணீரையும் தின்பண்டத்தையும் நீங்களே சுமக்க வேண்டும். திரும்பி இறங்கும்போதுதான் முழங்கால் பேசியது. கைத்தடி ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

அடுத்தது, ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் (ஆங்கிலத்தில் சார்லஸ்) வழி. 1556 நவம்பரில், அரியணையைத் துறந்தபின், யூஸ்தே மடத்தை நோக்கிப் போன வழியில் தோர்னாவாக்காஸிலிருந்து மலையைக் கடந்து ஹராந்தியாவுக்குப் போனார். கீல்வாதத்தால் நடக்க முடியாத மனிதர். நாற்காலியிலும் பல்லக்கிலும் வைத்து ஆட்கள் தூக்கிப்போனார்கள். கணவாயின் உச்சியில், "இனி மரணம் என்ற கணவாயைத் தவிர வேறெதையும் கடக்கப்போவதில்லை" என்றாராம். ஆனால் பாவம், தூக்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மொத்த வழி 28 கிலோமீட்டர். என்னைத் தூக்க ஆளில்லாததால் செர்ரித் தோப்புகளையும் செஸ்ட்நட் மரங்களையும் தாண்டி ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பகுதியே தனியாக நடக்கத் தகுந்தது. மகன் முழுவதும் நடந்து, மாலை ஐந்தரைக்கு மறுபக்கம் இறங்கினான். முன்கூட்டியே பேசிவைத்திருந்த வாடகைக் கார் வரவே இல்லை, கைபேசியையும் எடுக்கவில்லை. கடைசியில், மலைச்சாலையில் கார் ஓட்டப் பயந்து நான் விடுதியில் உட்கார்ந்திருக்க, அவன் மறுநாள் காலையில்தான் வந்துசேர்ந்தான். தொடங்கிய இடத்துக்கே திரும்பாத நடைக்குத் திரும்பும் வண்டியை இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள்.

வால்தாஸ்தியாஸ் பக்கம் காவோசோ அருவி இருக்கிறது. நடை கொஞ்சம்தான், முழங்கால்காரர்களுக்கு ஏற்றது. வசந்தத்தில் பார்த்தால் அருவி, கோடையில் பார்த்தால் அதன் மிச்சம். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் இரண்டு கிலோ பிகோத்தா வாங்கினோம். காம்பே இல்லாத செர்ரி. பறித்தவர்கள் அவசரத்தில் பிய்த்துவிட்டார்கள் என்று மகன் முணுமுணுத்தான். விற்ற அம்மாள் சிரித்துவிட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டினார். அந்த வகைப் பழம் பறிக்கும்போதே காம்பை மரத்தில் விட்டுவிட்டு வருமாம். காம்போடு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டுமாம். கறுஞ்சிவப்பு, நல்ல கெட்டி, பல்லில் நறுக்கென்று உடைகிறது. மாட்ரிட் வருவதற்குள் பாதிப் பெட்டி காலி. கொட்டைகளைப் போட, என் முழங்கால் பட்டையின் உறைதான் கிடைத்தது.